பதினான்காம் தேதி முறை

வருகிற ஜூலை ஏழாம் தேதி திங்கட்கிழமை காலை ஒன்பது பத்திலிருந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பொன்னிழை மேல்நிலைப் பள்ளியின் பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவில், தமிழ்ப் பாடவேளையில், கவனச் சிதறல் என்பது இராது என்று நிர்வாகம் அறிவித்தது. அறிவிப்பு நான்கு பக்கம். மனித குலம் எழுத்தைக் கண்டுபிடித்த பிறகு நடக்கிற அடுத்த பெரிய காரியம் இதுதான் என்று இரண்டாம் பக்கத்திலும், அன்றைக்கு மாணவர்கள் நகம் வெட்டி வர வேண்டும் என்று மூன்றாம் பக்கத்திலும் இருந்தது. நான்காம் பக்கத்தில் கையொப்பம் மட்டும்.

கையொப்பம் தாளாளர் ராஜரத்தினத்துடையது. ராஜபாளையம் பொன்னிழை நூற்பாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்து, முப்பத்து நான்கு வருடம் கழித்து உற்பத்தி மேலாளராக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவருக்குக் கொடுக்க மில்லில் வேறு இயந்திரம் எதுவும் மிச்சமில்லாததால், முதலாளிமார் பள்ளிக்கூடத்தைக் கொடுத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தைத் தாண்டி வேப்பமரங்களுக்கு நடுவே அது பாட்டுக்கு இருந்த பள்ளிக்கூடம். ராஜரத்தினம் முதல் நாள் உள்ளே நுழைந்து, வகுப்பு நடக்கும் சத்தத்தைச் செத்த நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "என்னய்யா, ஃப்ரேமெல்லாம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஸ்பீடுல ஓடுது?" என்று தலைமையாசிரியரைக் கேட்டார். தலைமையாசிரியர் வேதசிரோமணி இருபது வருடமாக எந்தக் கேள்விக்கும் இல்லை என்று சொல்லி அறியாதவர். "ஆமா சார்" என்றார்.

அங்கே ஆரம்பித்ததுதான் 'இழை' திட்டம்.

மில்லில் நூல் நூற்கும் ஃப்ரேமில் வரிசையாகக் கதிர்கள் சுற்றும். நூல் அறுந்தால் அந்த இடத்தில் சிவப்பு விளக்கு எரியும். சைடர் என்கிற தொழிலாளி ஓடிப் போய் ஒட்டுவார். மணிக்கு எத்தனை அறுவு என்பதுதான் மில்லுக்கு நாடித்துடிப்பு. ராஜரத்தினம் யோசித்தார். ஒரு வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். அதாவது நாற்பத்திரண்டு கதிர்கள். கவனம் என்பது நூல். அறுந்தால் தெரிய வேண்டும். இதைக் கண்டுபிடிக்க உலகத்துக்கு இத்தனை நாள் ஆனதே என்று அவருக்கே ஆச்சரியம்.

ஒவ்வொரு மேசையிலும் ஒரு டேப்லெட் திருகி இறுக்கப்பட்டது. பிள்ளைகள் கழற்றிக்கொண்டு போய்விடக் கூடாதென்று பேட்டரியை எடுத்துவிட்டு நேராகக் கரண்ட் கொடுத்தார்கள். திரையின் இடது பக்கம் பாட்டு. வலது பக்கம் ஒரு கதிரின் படம், சுற்றிக்கொண்டே இருக்கும். நாற்பது விநாடிக்கு ஒருமுறை அது தளரும். தளரும்போது மாணவர் விரலால் ஒரு தடவு தடவ வேண்டும். தடவினால் கவனம் இருக்கிறது. தடவாவிட்டால் நூல் அறுந்து, மேசைக்கு மேலே கம்பியில் மாட்டிய சிவப்பு விளக்கு எரியும். ஆசிரியர் உடனே ஓடிப் போய் அந்தப் பிள்ளையின் தோளைத் தொட்டு, "ஒட்டியாச்சு" என்று சொல்ல வேண்டும். பிறகு விட்ட இடத்திலிருந்து இலக்கியத்தைத் தொடரலாம்.

அந்த வகுப்புக்குத் தமிழ் எடுப்பவள் பாண்டிசெல்வி. கூமாப்பட்டிக்காரி. காலையில் வத்திராயிருப்பு வந்து பஸ் மாறி வருகிறவள். பதினோரு வருடமாகத் தற்காலிக ஆசிரியை. ஏப்ரல் முப்பதாம் தேதி அவளை விடுவித்து ஒரு ஆணை வரும். ஜூன் முதல் வாரம் நியமித்து இன்னொரு ஆணை வரும். நடுவில் மே மாதம் முழுக்க அவள் ஆசிரியை இல்லை. மே மாதத்துக் கல்யாண வீடுகளில் யாராவது, "நீ என்னம்மா பண்ணுத?" என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த ஒரு மாதத்தை அவள் பதினோரு முறை கடந்து வந்திருக்கிறாள்.

இந்த வருட அறிவிப்பில் அவளுக்கென்று ஒரு பத்தி இருந்தது. ஆகஸ்டில் மதிப்பீட்டுக் குழு ஒன்று வந்து ஒரு மாதிரி வகுப்பைப் பார்வையிடும். ஈடுபாடு, அதாவது அறாத நூலின் கணக்கு, எண்பத்தைந்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஆசிரியை நிரந்தரமாக்கப்படுவார். குறைந்தால் பணியிடமே கலைக்கப்படும்.

"சார், இதுல நான் என்ன செய்யணும்?" என்று வேதசிரோமணியைக் கேட்டாள்.

"ஒண்ணும் செய்யாண்டாம் டீச்சர். அறுக்காமப் பாத்துக்கிடுங்க."

"எதை சார்?"

"அதான் டீச்சர், அந்த இத" என்று சொல்லிவிட்டு அவர் வராந்தாவைப் பார்த்தார். கஷ்டமான நேரங்களில் அவர் வராந்தாவைத்தான் பார்ப்பார்.

திட்டம் தொடங்கும் முன் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. பஸ் வைத்து ராஜபாளையம் மில்லுக்கு அழைத்துப் போய், இரண்டு நாள் ஃப்ரேமுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அறுந்த நூலை எப்படி ஒட்டுவது என்று ஒரு சைடர் அம்மா சொல்லிக் கொடுத்தார். பாண்டிசெல்வி முதல் நாள் மத்தியானத்துக்குள் கற்றுக்கொண்டாள். "நல்லா வருதே ஒனக்கு. இங்கயே வந்துரேன்" என்று சைடர் அம்மா சொன்னார். அந்தப் பயிற்சியில் யாருக்காவது உண்மையான ஒரு வாய்ப்பு வந்தது என்றால் அது அதுதான்.

இரண்டாம் நாள் சாயங்காலம், பஞ்சுத் தூசி பறக்க, ராஜரத்தினம் உரையாற்றினார்.

"நூலுக்கு மனசு இருக்கா? இல்ல. அதனாலதான் ஒழுங்கா ஓடுது. பிள்ளைகளுக்கு மனசு இருக்கு. அதான் அறுந்து அறுந்து போகுது. நம்ம பள்ளிக்கூடத்தோட நோக்கம் என்னன்னா, இந்த ரெண்டுக்கும் இருக்கிற வித்தியாசத்தைக் குறைக்கிறது!"

ஃப்ரேம் ஓடுகிற சத்தத்தில் யாருக்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள்.

ஏழாம் தேதி வந்தது. தொடக்க விழாவும் அந்த வகுப்பிலேயே நடந்தது. ஒரு முன்னோட்டமாக இருக்கட்டும் என்று டேப்லெட்டுகளைப் போட்டுவிட்டுத் தாளாளர் பேசத் தொடங்கினார். ஏழு நிமிடத்தில் நாற்பத்திரண்டு விளக்கும் சிவப்பாக எரிந்தது. ராஜரத்தினம் பேச்சை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். பிறகு, தாளாளர் உரை என்பது மேற்பார்வை வகையைச் சேர்ந்தது, அது உற்பத்தி அல்ல, எனவே அதற்கு அளவீடு பொருந்தாது என்று அங்கேயே வாய்மொழியாக ஒரு விதி செய்துவிட்டு, இன்னும் நாற்பது நிமிடம் பேசினார்.

மறுநாள் பாடம் தொடங்கியது. பாண்டிசெல்வி ஒரு வரி வாசிப்பாள். மூன்று விளக்கு எரியும். ஓடுவாள். தோளைத் தொட்டு, "ஒட்டியாச்சு, ஒட்டியாச்சு, ஒட்டியாச்சு" என்பாள். திரும்பி வரும்போது வாசித்த வரி எது என்று மறந்திருக்கும். முதல் வாரத்திலேயே அவளுக்கு ஒன்று பிடிபட்டது. சும்மா ஒப்புக்குச் சொல்லும்போது ஒரு விளக்கும் எரிவதில்லை. ஏதாவது நன்றாகச் சொல்லிவிட்டால் போச்சு, பத்து விளக்கு சேர்ந்து எரியும்.

அதிலும் மூன்றாம் வரிசை ஆஷிகாவின் விளக்கு அடிக்கடி எரியும். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பாண்டிசெல்வியையே பார்த்தபடி இருப்பாள்.

"ஏட்டி ஆஷிகா, தடவுட்டி!"

பிள்ளை பதறிப் போய்த் தடவும். "மன்னிச்சிருங்க டீச்சர். கேட்டுக்கிட்டு இருந்துட்டேன்."

"கேட்டுக்கிட்டே தடவ வேண்டியதுதான?"

"முடியல டீச்சர். இனிமே கேக்க மாட்டேன் டீச்சர்."

கடைசி வரிசை ஜெர்வினுடைய விளக்கு ஒருநாளும் எரிந்ததில்லை. நூற்றுக்கு நூறு. மாதத்தின் சிறந்த இலக்கிய மாணவன் என்று அவன் படத்தை வாசலில் ஒட்டினார்கள். வலது ஆள்காட்டி விரலில் தோல் உரிந்து, இடது கைக்கு மாறியிருந்தான்.

"ஏலே ஜெர்வின், இன்னைக்கு என்ன பாட்டு நடத்துனேன்?"

ஜெர்வின் எழுந்து நின்று யோசித்தான். "இது தமிழா டீச்சர்? நான் வணிகவியல்னுல்லா நெனச்சேன்."

அச்சுப் புத்தகங்களை முதல் நாளே வாங்கி ஸ்டோர் ரூமில் பூட்டிவிட்டார்கள். காகிதத்திலிருந்து சிக்னல் வருவதில்லை என்பது காரணம். அது பள்ளியை நடத்தும் மில் அறக்கட்டளையே தொகுத்து அச்சடித்த பாட்டுப் புத்தகம், வெளியே கடையில் கிடைக்காது. இனி எல்லாம் திரையில்தான். திரையில் கதிர் போக மிச்ச இடத்தில் எட்டு வரிதான் கொள்ளும் என்பதால், எல்லாப் பாட்டையும் எட்டு வரியில் நிறுத்தினார்கள்.

"சார், இந்தக் கிணத்தடிப் பாட்டு பன்னெண்டு வரி. கடைசி நாலு வரியிலதான் சார் விஷயமே இருக்கு" என்று பாண்டிசெல்வி போய்ச் சொன்னாள்.

"ஏம்மா, சுத்துத கோன்ல நூலு கொள்ளலைன்னா மில்லுல என்ன பண்ணுவோம்?" என்றார் ராஜரத்தினம்.

"தெரியல சார்."

"வெட்டுவோம்மா. ஒக்காந்து அழுவமா?"

ஈடுபாடு எழுபத்தொன்றில் நின்றது. ராஜரத்தினம் அறுவுப் பட்டியலை ராத்திரி பகலாக ஆராய்ந்தார். சோகப் பாட்டு நடத்தும் நாட்களில் அறுவு இரண்டு மடங்காக இருந்தது. பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஏன்? மில் அனுபவம் உள்ளவருக்கு இதில் சந்தேகமே வராது. காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறும். அதனால்தான் மில்லில் மேலே குழாய் போட்டு நீர்ப்புகை அடிக்கிறார்கள். பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவிலும் அடித்தார்கள்.

ஜன்னல்களை அட்டை வைத்து அடைத்து, கூரையில் நான்கு குழாய் பொருத்தி, பொழுதன்றைக்கும் புஸ்ஸென்று நீர்ப்புகை. ஈரப்பதம் அறுபத்தைந்து. வருகைப் பதிவேட்டில் மை கலைந்து நாற்பத்திரண்டு பெயரும் ஒரே பெயராக ஆனது. சாக்பீஸ் கரும்பலகையில் வழுக்கியது. பாண்டிசெல்வியின் பருத்திச் சேலை மூன்றாம் பிரிவேளைக்குள் பிழிந்து உலர்த்தும் பதத்துக்கு வந்துவிடும். பிள்ளைகள் தும்மினார்கள். தும்மும்போது தடவ முடியாது என்பதால் தும்மலுக்கும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஜெர்வினின் அம்மா வந்து, "எம்புள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டிருச்சு சார்" என்று முறையிட்டார். ஈரப்பதம் நூலுக்கு நல்லது என்று எழுத்துப்பூர்வமாக அவருக்குப் பதில் கொடுக்கப்பட்டது.

குழாயையும் கரண்டையும் பார்த்துக்கொள்ள மில்லிலிருந்து அனுப்பப்பட்டவர் இருளப்பசாமி. இருபத்தாறு வருட எலக்ட்ரீசியன். வகுப்புக்கு வெளியே சுவிட்சுப் பெட்டிக்கு அருகில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். குழாயோடு சேர்த்து, மில்லைப் போலவே இங்கேயும் புதிதாக ஓர் ஏற்பாடு. ஒரே சமயத்தில் முப்பது அறுவுக்கு மேல் போனால் சங்கு ஊதி, முழு வகுப்பும் கரண்ட் இல்லாமல் நின்றுவிடும். அவர் வந்து பார்த்துத் திருப்பிப் போட வேண்டும்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா?" என்றார் ஒருநாள். "மில்லுல இத்தனை அடிச்சா கடைசில நூலுன்னு ஒண்ணு வரும். இங்க கடைசில என்ன வரும்?"

"பர்சன்டேஜ் வரும்ணே."

"அத வச்சி?"

"அத வச்சித்தான் நான் மே மாசமும் டீச்சரா இருக்க முடியும்."

இருளப்பசாமி தலையை ஆட்டிக்கொண்டார். அந்தக் கணக்கு அவருக்குப் புரிந்தது.

இதற்கு நடுவில், ஜூலை பதினான்காம் தேதி பாண்டிசெல்வி ஒருநாள் விடுப்பு எடுத்தாள். நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. ஆடி பிறப்பதற்குள் முடித்தாக வேண்டும், அண்ணன் பெண்டாட்டி வராமல் எப்படி என்று வீட்டில் ஒரே சத்தம். "சராசரி விழுந்துருமே சார்" என்று பயந்து பயந்துதான் கேட்டாள். வேதசிரோமணி வராந்தாவைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். பதிலுக்கு யாரையும் வகுப்புக்கு அனுப்ப அவருக்கு மறந்துபோனது. மறுநாள் அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. பாண்டிசெல்வி கும்பிட்டுக்கொண்டாள்.

ஆடித் தேர் முடிந்து, ஊர் கூட்டம் வடிந்த மறுவாரம் குழு வந்தது. மொத்தம் மூன்று பேர். பேசுகிறவர் ஒருவர்தான். மதுரையிலிருந்து வந்த கல்வி ஆலோசகர் சேதுபதி. கூட வந்த இருவரும் பால்கோவா டப்பாவைத் திறப்பதா, வீட்டுக்கு எடுத்துப் போவதா என்ற யோசனையில் இருந்தார்கள்.

"எனக்கு இலக்கியம் தெரியாது" என்று சேதுபதி எடுத்த எடுப்பிலேயே பெருமையாகச் சொன்னார். "தெரிஞ்சவங்க வந்தா பாட்டை ரசிக்க ஆரம்பிச்சிருவாங்க. மதிப்பீடு கெட்டுப் போயிரும். அதனாலதான் எல்லா ஊர்லயும் என்னையவே கூப்பிடுதாங்க."

நடத்த வேண்டிய பாட்டைத் தாளாளரே தேர்ந்தெடுத்திருந்தார். கிணற்றடிப் பாட்டு. அதில் தண்ணீர் என்ற சொல் மூன்று இடத்தில் வருவதால் அதை நீர் மேலாண்மை என்ற தலைப்பில் சேர்த்திருந்தார்கள்.

வகுப்பு தொடங்கியது. நீர்ப்புகை புஸ்ஸென்றது. நாற்பத்திரண்டு விரல்கள் தடவின. ஈடுபாடு தொண்ணூற்று மூன்று. பாண்டிசெல்வி எழுதி மனப்பாடம் செய்திருந்ததை ஒப்பித்தாள். நீரின் முக்கியத்துவம், நீரைச் சேமிக்கும் வழிகள். விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. தொண்ணூற்று ஐந்து. ராஜரத்தினம் சேதுபதியைப் பார்த்துச் சிரித்தார். இன்னும் முப்பது நிமிடம் இப்படியே ஓட்டிவிட்டால் போதும், பதினோரு மே மாதமும் முடிந்தது.

அப்போது ஆஷிகா எழுந்தாள். "டீச்சர், பாட்டுல ஒரு பொம்பள குடத்தோட நிக்காளே. அவ யாரு டீச்சர்?"

பாண்டிசெல்வி அவளை உட்காரச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். பதினோரு வருடமாகச் சொன்ன கதை, பழக்க தோஷத்தில் வெளியே வந்துவிட்டது.

"அது கொடுங்கோடை. சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் ஒரே கிணறு. அதுல கயிறு முழுக்க விட்டாத்தான் அரைக் குடம் தேறும். இவ விடியுமுன்ன வந்து காத்துக் கெடந்து, ஒரு குடம் எடுத்துட்டுத் திரும்புதா. வழியில ஒருத்தன் நிக்கான். நாக்கு வறண்டு போயி நிக்கான். அவனுக்கு இவளத் தெரியாது. இவளுக்கு அவனத் தெரியும்."

ஏழெட்டு விளக்கு எரிந்தது. பாண்டிசெல்வி ஓடவில்லை.

"அஞ்சு வருஷத்துக்கு முன்ன, மாட்டுத் தகராறுல இவ தம்பியக் குத்திக் கொன்னவன் அவன். கூடப் பொறந்தது ஒரே தம்பி. குத்தும்போது அவன் கையிலயும் வெட்டுப்பட்டுச்சு. அந்தத் தழும்பப் பாத்துட்டா."

இருபது விளக்கு. ராஜரத்தினம் கையை ஆட்டினார். பிள்ளைகள் யாரும் திரையைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையில் ஜெர்வினின் இடது கை, தடவப் போன இடத்தில் அந்தரத்தில் நின்றது. திட்டம் தொடங்கிய நாளிலிருந்து முதல்முறையாக அவனுடைய விளக்கும் எரிந்தது.

"அவன் கேக்கான், 'தாயி, ஒரு மொடக்குத் தண்ணி'ன்னு. கேட்டுட்டு ரெண்டு கையையும் சேத்துக் குவிச்சு, குனிஞ்சு, கழுத்தக் காட்டிக்கிட்டு நிக்கான். இவ இடுப்புல குடம். பக்கத்துல கெடக்குது ஒரு பாறாங்கல்லு. எட்டாவது வரி இதோட முடியுது."

சங்கு ஊதியது. நாற்பத்திரண்டு விளக்கும் ஒருசேர எரிந்து, மறு விநாடி எல்லாம் அணைந்தது. விசிறி நின்றது. திரைகள் இருண்டன. புகை நின்றது. அட்டை அடைத்த ஜன்னல் இடுக்கு வழியாக மட்டும் வெளிச்சம். ஒரு தும்மல் இல்லை. அந்த வகுப்பறையில் ஒரு மாதமாகக் கேட்காமல் இருந்த சத்தம் கேட்டது. அதாவது எதுவும் கேட்கவில்லை.

"இருளப்பசாமி!" என்று ராஜரத்தினம் கத்தினார். "போடுய்யா சுவிட்ச!"

இருளப்பசாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். அவர் கண் பாண்டிசெல்வி மேல் இருந்தது.

"செத்த நேரம் பொறுங்க சார். அவ தண்ணி குடுத்தாளா இல்லையான்னு கேட்டுட்டுப் போட்டுருதேன்."

"யோவ்!"

"ரெண்டே நிமிசம் சார். நீங்க சொல்லுங்க டீச்சர். குடுத்தாளா?"

நாற்பத்திரண்டு பிள்ளைகளும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். பாண்டிசெல்வி ஒன்பதாவது வரிக்கு வாயைத் திறந்தாள். அதற்குள் ராஜரத்தினம் எழுந்து, இருளப்பசாமியைத் தோளால் இடித்துத் தள்ளி வெளியே போய், தன் கையாலேயே சுவிட்சை மேலே தள்ளினார். புஸ்ஸென்று புகை. விசிறி. நாற்பத்திரண்டு டேப்லெட்டும் சேர்ந்து தொடக்க இசையை அலறின. குழு எழுந்துகொண்டது. வேதசிரோமணி வந்து, "வாங்க டீச்சர், வெளிய வந்துருங்க" என்று கெஞ்சினார்.

ஈடுபாடு பூஜ்யம் என்று திரையில் பெரிதாக வந்தது.

சேதுபதி அறிக்கையை அங்கேயே எழுதினார். எழுதியதைச் சத்தமாகவும் படித்தார். "ஒரு மாணவர்கூடத் திரையைப் பார்க்கவில்லை. அனைவரும் ஆசிரியையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தனர். இது ஆரோக்கியமான வகுப்பறையின் அடையாளம் அல்ல." பிறகு பால்கோவா டப்பாவை எடுத்துக்கொண்டார்.

இருளப்பசாமிக்குக் குறிப்பாணை கொடுக்கப்பட்டது. குற்றச்சாட்டு: இயந்திரம் நின்ற நேரத்தில் பாட்டு கேட்டது. பாண்டிசெல்வியை, முடிவு தெரியும்வரை வகுப்புப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லி, பழைய விடைத்தாள்களை அடுக்குவதற்கு ஸ்டோர் ரூமுக்கு அனுப்பினார்கள். பூட்டிவைத்த புத்தக மூட்டைகளின் மேல் உட்கார்ந்து எட்டு நாள் அடுக்கினாள். இந்த வருடம் மே மாதம் ஆகஸ்டிலேயே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசைமேல் ஓர் ஆணை இருந்தது. விடுவிப்பு ஆணை என்றால் வெள்ளைத் தாள். இது பச்சைத் தாள். நிரந்தரம்.

"சார்?"

"ஒக்காரும்மா" என்றார் ராஜரத்தினம். அவர் சந்தோஷமாக இருந்தார். முதலாளிமாருக்கு வெற்றி அறிக்கை அனுப்பியாக வேண்டிய நேரம். பதிவுகளை முதலிலிருந்து புரட்டியபோது கிடைத்திருக்கிறது. "ஜூலை பதினாலாம் தேதி, மொத பீரியடு. உன் கிளாஸ்தான். நாப்பது நிமிசத்துல ஒரு அறுவுகூட இல்ல. நூறு பர்சன்ட். மில்லுலயே நான் பாத்ததில்ல. இந்த முறையத்தான் இனிமே எல்லா வகுப்புக்கும் கொண்டுவரப் போறோம். பேரும் வச்சாச்சு. பதினான்காம் தேதி முறை."

பாண்டிசெல்வி அந்தத் தேதியை நினைத்துப் பார்த்தாள். கூமாப்பட்டி, பந்தல், காது குத்தும்போது குழந்தை வீறிட்டது. ஆணையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பொய் சொல்லி வாங்கினால் தங்காது என்று ஒரு பயம்.

"சார், அன்னைக்கி நான் வரல. லீவு. கிளாஸ்ல யாருமே இல்ல சார்."

"தெரியும்மா. கிளாஸ்ல இருக்க கேமரா வீடியோவப் பாத்தேன். நாற்காலி காலியா இருக்கு. பிள்ளைகளுக்கு வேற சோலி இல்ல, அதுக பாட்டுக்குத் தடவிக்கிட்டு இருக்கு. அதுதாம்மா முறை!" ராஜரத்தினம் முன்னால் சாய்ந்து, ரகசியம் சொல்வதுபோலச் சொன்னார்: "முப்பத்து நாலு வருச அனுபவத்துல சொல்லுதேன். ஆளு கை படாத ஃப்ரேம்தான் நல்லா ஓடும். ஆனா ஃப்ரேமுக்கு ஒரு ஆளு பேரு எழுதி இருக்கணும். அது நீ."

ஆணையின் நான்காவது பத்தி அதைத் தெளிவாகச் சொன்னது. ஆசிரியை பாடவேளை முழுவதும் வகுப்புக்கு வெளியே வராந்தாவில் நிற்க வேண்டும். உள்ளே நுழையக் கூடாது.

"வெளிய எங்கயாவது வச்சுப் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லிக் குடுக்கலாமா சார்? அந்தக் கெணத்தடிப் பாட்டுல ஒரு நாலு வரி..."

ராஜரத்தினத்தின் முகம் மாறியது. "கணக்குல வராத நூலு மில்லுக்கு வெளிய போனா, அதுக்கு என்ன பேருன்னு தெரியுமா?"

தெரியாமல் இல்லை. கையெழுத்துப் போட்டாள்.

மறுநாளிலிருந்து வராந்தாவில் நின்றாள். கதவுக்கு மேலே வெளிப்பக்கம் புதிதாக ஒரு கேமரா வைத்திருந்தார்கள். உள்ளே நாற்பத்திரண்டு விரல்களும் தடவிக்கொண்டிருந்தன. ஒரு விளக்கும் எரியவில்லை. ஆஷிகாகூட வாயை மூடிக்கொண்டு, குனிந்து, ஒழுங்காகத் தடவினாள். ஈடுபாடு நூறு. கிணற்றடிப் பாட்டு நடத்தி முடிக்கப்பட்டதாகப் பதிவேட்டில் ஏறிவிட்டது. ராஜபாளையத்திலிருந்து வேறு இரண்டு பள்ளிக்கூடத்துத் தாளாளர்கள் வந்து காலி நாற்காலியை எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள், சுவிட்சுப் பெட்டி ஸ்டூலில் இருந்த இருளப்பசாமி மெதுவாகப் பக்கத்தில் வந்தார். குறிப்பாணைக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தாகிவிட்டது, இனி பாட்டு கேட்க மாட்டேன் என்று.

"டீச்சர்" என்றார் குரலைத் தாழ்த்தி. "பன்னெண்டு நாளா ஒறக்கமில்ல. வீட்டுலயும் கேட்டு அரிக்கா. அவ தண்ணி குடுத்தாளா? இல்ல, கல்லத் தூக்கிட்டாளா?"

உள்ளே ஆஷிகாவின் விரல் ஒரு கணம் நின்றது. அவள் தலையைத் தூக்கவில்லை.

பாண்டிசெல்வி கதவுக்கு மேலே இருந்த கேமராவைப் பார்த்தாள்.

"சிலபஸ் முடிஞ்சிருச்சுண்ணே" என்றாள்.

அவள் நிரந்தரமாகி அன்றோடு மூன்று நாள் ஆகியிருந்தது.